உறைமேல் எழுதிய சர்க்கரை

சர்க்கரைக்கு ஊர்ப்பெயர் இட்டு வழங்குவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். வடநாட்டுக் கடையொன்றில் 'சீனி' என்று கேட்டால் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்துக் கொடுப்பர். 'மிஸ்ரி' என்றால் கற்கண்டை எடுத்து நீட்டுவர். முன்னதில் சீன தேசமும், பின்னதில் மிஸ்ர் எனப்படும் எகிப்து தேசமும் ஒளிந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பழைய தலைமுறையினர் 'அஸ்கா' என்பர். அது கஞ்சம் ஜில்லாவிலுள்ள ஓர் ஊரின் பெயர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆலை வைத்துக் காய்ச்சிய சர்க்கரை சென்னைக்கு வந்தபோது, ஊரின் பெயரும் மூட்டையோடு வந்து சேர்ந்தது. 1936-இல் ஒரிஸ்ஸா தனி மாகாணமாகும் வரையில் கஞ்சம் சென்னை மாகாணத்தின் வடகோடியாக இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். அஸ்கா என்னும் சொல் மட்டும் மறவாதிருக்கிறது.

'சர்க்கரை' என்னும் சொல்லோ நேர் எதிர்த் திசையில் பயணம் செய்தது. பருக்கை மணலைக் குறித்த 'சர்க்கரா' என்னும் வடசொல், பாரசீகத்தில் ஷக்கர் ஆகி, அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பிய மொழிகள் அனைத்திலும் குடி புகுந்தது. கண்டு என்பதும் அவ்வாறே கடல் கடந்து 'காண்டி' ஆயிற்று. வந்த சர்க்கரைக்கு வெளியூர்ப் பெயரும், போன சர்க்கரைக்கு நம்மூர்ப் பெயருமாக, எங்கிருந்து வந்த பண்டம் என்பதை உலகம் பெயரிலேயே எழுதி வைத்திருந்தது. உறையும் சிட்டையும் இல்லாத காலத்தில் பெயரே சிட்டையாக நின்றது எனலாம்.

இன்று நிலைமை வேறு. உறை உண்டு, உறைமேல் எழுத்தும் உண்டு, ஆனால் உள்ளே இருக்கும் சர்க்கரை தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறது. இதை நமக்குப் புலப்படுத்தியவர் தாராவியில் வாழும் திருநெல்வேலி ஆச்சி ஒருவர்.

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஆச்சியின் கடைசிப் பேரனுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கவேண்டும் என்பது ஆச்சிக்குத் தெரியும். மருந்துக் கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று கேட்டார். கடைக்காரர் ஆரஞ்சுப் படம் போட்ட அட்டைப் பெட்டிப் பானம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் பெயரிலேயே அந்த மூன்று எழுத்துக்கள் பெரிதாக இருந்தன. ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, பெட்டியின் பின்புறத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள்: சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று வந்தன. ஆச்சி ஐயமின்றிக் கொடுத்தார். குழந்தைக்குப் போக்கு நிற்கவில்லை; மிகுந்தது. மறுநாள் மருத்துவமனையில் வெள்ளைத் தூளைக் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினர். பின்னர் நாம் ஆச்சியைக் கண்டபோது அவர் சொன்னது இதுதான்: "பேரெல்லாம் மருந்துப் பேராத்தான இருந்துச்சு, தம்பி. சீனின்னு ஒரு எழுத்து அதுல இல்லியே!"

ஆச்சி சொன்னது முற்றிலும் உண்மை. சீனி என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

உணவுக் கலப்படத்தைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1918-லேயே சட்டம் இயற்றியது. வேறு மாகாணங்களும் தத்தமக்கென்று சட்டங்கள் வைத்திருந்தன. ஒரு மாகாணத்தில் குற்றமானது அடுத்த மாகாணத்தில் குற்றமாகாது என்ற குழப்பம் விடுதலைக்குப் பிறகும் நீடித்தது. அதனைத் தீர்க்கவே பாராளுமன்றம் 1954-இல் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1955 ஜூன் முதல் தேதி அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் விதிகளும் அதே ஆண்டில் வெளியாயின. உறைமேல் என்னென்ன எழுதவேண்டும் என்பதற்கு அகில இந்திய அளவில் அடிகோலியவை அவ்விதிகளே.

அந்த விதிகளின் மனப்பாங்கை இன்று உணர்ந்து கொள்வது எளிதன்று. அக்காலத்தில் சர்க்கரை சந்தேகத்துக்குரிய பொருளன்று, பாதுகாக்கப்படவேண்டிய பொருள். 1932-இல் அரசாங்கம் இறக்குமதிச் சர்க்கரைமீது காப்புவரி விதித்தபோது நாட்டில் சுமார் 30 ஆலைகளே இருந்தன; ஐந்தாண்டுகளில் அத்தொகை 130-ஐத் தாண்டியது. ஆலைகள் பெருகியும், யுத்த காலத்திலும் அதன் பின்னும் சர்க்கரை பங்கீட்டுக் கடையில் நின்று வாங்கும் பண்டமாகவே இருந்தது. ஆகவே சட்டம் அஞ்சியது சர்க்கரை மிகுவதை அன்று, குறைவதை. சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் சேர்த்து ஏமாற்றுவார்களோ என்பதே கவலை. 1879-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட அச்செயற்கை இனிப்பைச் சேர்த்தால் அதனை உறைமேல் அறிவித்தாகவேண்டும் என்று விதி வகுத்தனர். உண்மையான சர்க்கரையைச் சேர்ப்பவன் யோக்கியன். அவன் அளவு சொல்லவேண்டியதில்லை.

1955-இல் பிறந்த பழப் பண்டங்கள் ஆணையையும் இவ்வாறே காணலாம். பழரசப் பாகில், அதாவது ஸ்குவாஷில், ரசம் நூற்றுக்கு 25 பங்கேனும், கரைந்த திடப்பொருள் நூற்றுக்கு 40 பங்கேனும் இருக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. கரைந்த திடப்பொருள் என்பதில் பெரும்பகுதி சர்க்கரையே என்பது வெளிப்படை. பண்டம் கெடாதிருக்கச் சர்க்கரை வேண்டும் என்பது அறிவியல். எனவே அதற்குக் கீழ்வரம்பு வைத்தனர். மேல்வரம்பு வேண்டும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களை நாம் குறைகூறவும் இல்லை. சுண்ணாம்புத் தூளும் மரத்தூளும் உணவில் விழுந்த காலத்தில், சர்க்கரை விழுவதை யார் கணக்கெடுத்திருப்பார்?

அதே ஆணையில் பாராட்டத் தக்க ஒன்றும் உண்டு. பழச்சாறு சேராத வாயுப் பானம், பழப் பண்டம் என்று நம்பவைக்கும்படி உறையோ படமோ கொண்டிருக்கலாகாது என்பது அதன் கருத்து. அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் இக்கருத்துக்கு வேலை தீரவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு நேராகத் தொடர்புடைய விதி இன்னொன்று. உறைமேல் உள்ள அறிவிப்புக்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. பழைய விதிகளில் இருந்த இவ்வாசகம் 2011-ஆம் ஆண்டு விதிகளிலும், 2020-ஆம் ஆண்டு விதிகளிலும் பொருள் மாறாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. மதுரையில் விற்கும் பால் உறையில் தமிழ் இருக்கலாம். அது விற்பவர் விருப்பம். ஜாம்ஷெட்பூரிலோ பிலாயிலோ மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தின் பாட்டிக்கு, ஆங்கிலமும் நாகரியும் ஒருங்கே எட்டாதபோது, உறை ஊமையே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தி தெரிந்தவருக்கும் உறை எப்போதும் பேசுவதில்லை. வீதியில் வழங்கும் 'சீனி' என்னும் சொல்லைவிட்டு 'ஷர்க்கரா' என்னும் வடசொல்லை எழுதும் நாட்டம் அலுவலக மொழிபெயர்ப்புக்கு உண்டு. தமிழிலோ சிக்கல் வேறு வகை. தென்பாண்டி நாட்டில் பல வீடுகளில் சர்க்கரை என்றால் வெல்லத்தின் இனம். வெள்ளையாக இருப்பது சீனி. சென்னையில் வெள்ளையாக இருப்பதே சர்க்கரை. 'மொத்தச் சர்க்கரை', 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று நாம் முறைப்படி மொழிபெயர்த்துக் கொடுத்தால், ஆச்சி அதனைக் கருப்பட்டிக்கு உறவான நல்ல பண்டமாகவே எண்ணக்கூடும். ஒரு சொல்லுக்குள் இத்தனை வழக்குகள் இருப்பதை எழுத்து மேசையில் அமர்ந்திருப்பவர் எளிதில் நினைப்பதில்லை.

சரித்திரத்துக்கு மீள்வோம். பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் எழுதவேண்டும் என்ற விதி நெடுநாளாக உள்ளது. எது மிகுதியோ அது முதலில் வரும். நல்ல விதியே. ஆனால் அதற்குள்ளேயே ஒரு சந்து இருந்தது. விதிகளின்படி 'சர்க்கரை' என்ற வகுப்புப் பெயர் சுக்ரோஸ் வகைகளுக்கு மட்டுமே உரியது. டெக்ஸ்ட்ரோஸ் எனப்படும் குளூக்கோஸுக்குத் தனிப்பெயர். மால்ட் சாறு, சோளப் பாகு, தேன், செறிவூட்டிய பழச்சாறு என்பன மேலும் தனித்தனி. பிஸ்கட்டில் மாவுக்கு அடுத்தபடி இனிப்பே மிகுதி என்று வைத்துக்கொள்வோம். அவ்வினிப்பை நான்கு வகையாகப் பிரித்துச் சேர்த்தால், நான்கும் வரிசையில் கீழே இறங்கி, எண்ணெய்க்கும் உப்புக்கும் அருகே அடக்கமாக நின்றுகொள்ளும். ஆச்சியின் பேத்தி வாசித்த சுக்ரோஸும் டெக்ஸ்ட்ரோஸும் பொய்யல்ல. அவை வேதியியல் நூலில் உள்ள பெயர்கள். ஆனால் அவை அடுப்பங்கரைப் பெயர்கள் அல்ல.

அளவு சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இந்த நூற்றாண்டில்தான் வந்தது. 2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பழைய சட்டங்களை ஒருங்கிணைத்தது. 2011 ஆகஸ்ட் மாதம் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. மாவுச்சத்தைக் கிராமில் குறிக்கும்போது அதில் சர்க்கரை எத்தனை என்பதையும் குறிக்கவேண்டும் என்று அவை கூறின. திரும்பத் திரும்ப நிரப்பப்படும் கண்ணாடிப் புட்டிகளைக் குறித்தும் ஒரு விதி உண்டு: 2009 மார்ச் 19 முதல் செய்யப்படும் புதிய புட்டிகளின் மேனியிலேயே உட்பொருள்களும் சத்து விவரமும் இருக்கவேண்டும். அதற்கு முன் செய்த புட்டியோ, கழுவிக் கழுவி நிரப்பப்பெற்று, தான் உடையும் வரையில் மௌனம் சாதித்தது.

சேர்க்கப்பட்ட சர்க்கரையைப் பிரித்துக் காட்டும் கட்டாயம் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாகி, 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளால் ஏற்பட்டது. பாலிலும் பழத்திலும் இயற்கையாகவே ஒருவகைச் சர்க்கரை உண்டு. உற்பத்தியாளர் கொட்டிய சர்க்கரை வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கினால், பாலின் பெயரைச் சொல்லிக்கொண்டு மற்றது தப்பிவிடும். ஆகவே மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்க்கப்பட்ட சர்க்கரை மற்றொரு வரி என்றாயிற்று. ஒருவர் நாள் ஒன்றுக்குக் கொள்ளத்தக்க அளவில் ஒரு பரிமாறலுக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும் காட்டவேண்டும். அந்நாளளவு 50 கிராம் என்று விதியே குறிப்பிடுகிறது.

இந்த 50 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒரு நாளைய உணவின் ஆற்றல் 2000 கலோரி என்று கொண்டனர். அதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இவ்வகைச் சர்க்கரையிலிருந்து வரலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய வரம்பு. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் மேலும் நலம் என்றும் அது கூறியது. பத்தில் ஒரு பங்கு 200 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஆக 50 கிராம். வாயுப் பானங்களில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 10, 11 கிராம் சர்க்கரை இருப்பது வழக்கம். 300 மில்லி லிட்டர்ப் புட்டியை ஒரே மூச்சில் குடித்து முடிக்கும் இளைஞர், அந்நாளைய கணக்கில் மூன்றில் இரண்டு பங்கை நின்றபடியே செலவழித்து விடுகிறார். தேக்கரண்டிக் கணக்கில் ஏழெட்டுக் கரண்டி. காப்பியில் ஏழு கரண்டி போட்டுக் கொடுத்தால் அவரே தம்ளரைத் திருப்பித் தந்துவிடுவார்.

இந்த விதியிலும் இரண்டு ஓட்டைகளை நாம் காண்கிறோம். 'ஒரு பரிமாறல்' எத்தனை என்பதை உற்பத்தியாளரே சொல்லிக்கொள்கிறார். பரிமாறலைச் சிறிதாக்கினால் பங்கும் சிறிதாகிவிடும். மற்றது, உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாதிருந்தால், சத்து விவரத்தையும் உட்பொருள் பட்டியலையும் அதன்மேல் அச்சிடவேண்டியதில்லை. மொத்தப் பெட்டியின்மேல் இருந்தால் போதும். இடமின்மை உண்மையான காரணமே. எனினும், பெரிய பெட்டியாக வாங்குபவர் விவரம் பெறுகிறார். ஒரு மிட்டாயை, ஒரு சிறு பொட்டலத்தை வாங்கும் கூலிக்காரர் வீட்டுக் குழந்தை பெறுவதில்லை. மொத்தப் பெட்டி கடைக்காரரின் பரண்மேல் இருக்கிறது.

உறையில் பின்புறம் சட்டத்துக்கு உரியது. முன்புறம் வியாபாரத்துக்கு உரியது. 'சர்க்கரை அற்றது' என்று முன்புறம் எழுதவேண்டுமானால் 100 கிராமில் அரைக் கிராமுக்குமேல் சர்க்கரை இருத்தலாகாது என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது வேறு பொருளுடையது. சேர்க்காவிட்டாலும் உள்ளிருக்கும் பழச்சர்க்கரை மிகுதியாகவே இருக்கலாம். இரண்டையும் ஒன்றென மயங்கும் நீரிழிவு நோயாளர் பலரை நாம் அறிவோம். 2024 ஏப்ரலில், மால்ட் கலந்த பானப் பொடிகளை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ் விற்கவேண்டாம் என்று இணைய அங்காடிகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. ஆரோக்கிய பானம் என்று ஒரு பொருள் சட்டத்திலேயே வரையறுக்கப்படவில்லை என்பதே காரணம். அவ்வாண்டு ஜூனில், 'நூற்றுக்கு நூறு பழச்சாறு' என்னும் விளம்பரத்தை உறையிலிருந்து நீக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிட்டது. கிலோ ஒன்றுக்கு 15 கிராமுக்குமேல் இனிப்புச் சேர்ந்த சாற்றை 'இனிப்பூட்டிய சாறு' என்றே எழுதவேண்டும் என்பதையும் நினைவூட்டியது. 1955-ஆம் ஆண்டு ஆணைக்கு வேலை தீரவில்லை என்று மேலே சொன்னோமன்றோ?

முன்புறத்தில் எச்சரிக்கையே இடவேண்டும் என்ற எண்ணத்தைச் செயலில் காட்டிய நாடு சிலி. 2016 ஜூனிலிருந்து அங்கே சர்க்கரை மிகுந்த பண்டத்தின் முகப்பில் கறுப்பு எண்கோணம் ஒன்று நிற்கிறது. சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லும் பலகையின் வடிவம் அது. நம் நாட்டிலோ 2022 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட வரைவு, நட்சத்திர முறையை முன்வைத்தது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. சர்க்கரைக்கும் உப்புக்கும் கொழுப்புக்கும் கழித்து, நார்ச்சத்துக்கும் பழத்துக்கும் பருப்புக்கும் கூட்டி, விடையை நட்சத்திரமாக எழுதும் கணக்கு. நமக்கு இதில் உடன்பாடில்லை. நட்சத்திரம் என்பது பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் புகழ்ச்சிக்குரிய அடையாளம். ஒரு நட்சத்திரம் பெற்ற பானத்தையும் நம்மவர் 'ஒரு நட்சத்திரமாவது இருக்கிறதே' என்று வாங்குவர். 2024 ஜூலையில், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைத் தடித்த பெரிய எழுத்தில் காட்டும் திட்டத்துக்கு ஆணையம் இசைவளித்தது. முகப்பு எச்சரிக்கை கோரிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 9-இல், நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தரவேண்டும் என்று பணித்தது. அக்கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. பெரிய எழுத்து நல்லதே. ஆனால் எழுத்து தெரியாதவருக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. சைவ உணவுக்கு இட்ட பச்சைப் புள்ளியைப் பாருங்கள். எம்மொழியும் வேண்டாமல், மாதுங்காவிலிருந்து கரக்பூர் வரை எல்லோரும் அதனைப் படிக்கின்றனர்.

இவ்வழக்கின் அவசரத்தைக் காட்ட ஓர் எண் போதும். 2023 ஜூனில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் உள்ளதாகக் கணக்கிட்டது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிலையம்.

இனி ஆச்சியின் பெட்டிக்கு வருவோம். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல் பெரும் அளவில் உயிர்காத்த கதை நம் கிழக்கு எல்லையில் நிகழ்ந்தது. 1971-இல் வங்கப் போரின்போது போன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலாநபிஸ் இக்கரைசலை வாய்வழி கொடுக்கச் செய்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். குடலில் குளூக்கோஸ் உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும். உப்பின் பின்னே நீர் செல்லும். அதற்கு அளவு மிக முக்கியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளூக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட், ஆக 20.5 கிராம் தூள். சர்க்கரை இதைப்போல் பல மடங்கானால் அது நீரை உடலிலிருந்து குடலுக்குள் இழுத்துக்கொள்கிறது, போக்கு மிகுகிறது. ஆச்சியின் பேரனுக்கு நேர்ந்தது அதுவே.

இப்பெயரைப் பானங்களுக்கு இடலாகாது என்று ஆணையம் 2022 ஏப்ரலில் தடுத்தது. அவ்வாண்டு ஜூலையில், 'இது அவ்வாய்பாட்டின்படியான கரைசல் அன்று' என்னும் குறிப்பு இருந்தால் வணிகப் பெயரில் அவ்வெழுத்துக்கள் இருக்கலாம் என்று தளர்த்தியது. ஆச்சி வாங்கிய பெட்டியிலும் அக்குறிப்பு இருந்தது; ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபர் 14-இல் ஆணையம் தான் தந்த சலுகையைத் திரும்பப் பெற்றது. வாய்பாட்டுக்கு ஒவ்வாத எந்தப் பானமும் அம்மூன்று எழுத்துக்களை முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூடத் தாங்கலாகாது என்றாயிற்று.

செய்தியை ஆச்சிக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேத்தி இப்போது எந்த உறையை வாசித்தாலும் 'நூறு மில்லிக்கு எத்தனை' என்ற வரியை மட்டும் வாசிக்கச் சொல்வதாகவும், அதை ஐந்தால் வகுத்துக் கரண்டிக் கணக்காக்கித் தாமே சொல்லிவிடுவதாகவும் தெரிவித்தார். பிறகு, "அந்த எண்ணு மட்டும் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான எழுதுதான், தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.